மஞ்சள் படிந்த ஹெட்லைட்டை வீட்டிலேயே தெளிய வைக்கலாம்



சேமிப்பு, உள்கடன், காப்பீடு என்று ஒவ்வொரு இதழிலும் எழுதி வருகிறோம். இந்த முறை வண்டி ஹெட்லைட்டைப் பற்றி எழுதுகிறோம். "அது ஆம்பளைங்க பார்க்கிற வேலை, நமக்கு எதுக்கு?" என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். இன்றைக்கு நம் உறுப்பினர்கள் பலருடைய வீட்டு வாசலில் ஒரு ஸ்கூட்டர் நிற்கிறது. 2018 பிப்ரவரியில் தொடங்கிய உழைக்கும் மகளிருக்கான மானிய ஸ்கூட்டர் திட்டத்தில் வாங்கியவர்கள் உண்டு. குழுக் கடனில் ஷேர் ஆட்டோ, லோடு வண்டி எடுத்தவர்கள் உண்டு. வீட்டுக்காரர் பழைய கார் வாங்கி வாடகைக்கு ஓட்டுகிற வீடுகளும் உண்டு. அந்த வண்டிகளின் ஹெட்லைட்டை இன்று சாயங்காலம் ஒரு தடவை உற்றுப் பாருங்கள். பல வண்டிகளில் மஞ்சக்காமாலை வந்த கண் மாதிரி இருக்கும்.

இதற்கு மெக்கானிக் சொல்வது பெரும்பாலும் ஒரே பதில்தான்: "டூமோட மாத்திடுங்க." காருக்கு ஒரு பக்கம் மாற்றினாலே ஆயிரக்கணக்கில் ஆகும். ஆனால் நிறைய வண்டிகளில் மாற்ற வேண்டிய அவசியமே இல்லை. சில தாள்களும், ஒரு வாளி தண்ணீரும், இரண்டு மணி நேரப் பொறுமையும் இருந்தால் நாமே சரி செய்துவிடலாம். எப்படி என்று பார்ப்போம்.

இது அழகுக்காக இல்லை

2022ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டில் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்ததாக மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்கு சொல்கிறது. ஒரு நாளில் எந்த நேரத்தில் விபத்து அதிகம் என்றும் அந்த அறிக்கைகளில் போடுவார்கள். வருஷா வருஷம் முதலிடத்தில் வருவது மாலை 6 மணியிலிருந்து 9 மணி வரை. நாம் வேலை முடிந்து திரும்புகிற நேரம், பிள்ளையை டியூஷனிலிருந்து கூட்டி வருகிற நேரம், இரண்டாம் ஷிப்ட்டுக்குப் போனவருக்கு வீட்டில் சோறு வைத்துக் காத்திருக்கிற நேரம் எல்லாம் அதில் வருகிறது.

நம் பக்கத்துச் சாலைகளை நினைத்துப் பாருங்கள். பண்ருட்டியிலிருந்து நெய்வேலி, வடலூர், சேத்தியாத்தோப்பு வழியாகக் கும்பகோணம் போகிற நெடுஞ்சாலையில் லாரியும் பஸ்ஸும் ஓயாது. கடலூரிலிருந்து வடலூர், மந்தாரக்குப்பம் வழியாக விருத்தாசலம் போகிற சாலையும் அப்படித்தான். டவுன்ஷிப்புக்குள் வட்டத்துக்கு வட்டம் தெருவிளக்கு உண்டு. ஆர்ச்சைத் தாண்டி நம் ஊர்ப்பக்கம் திரும்பினால் முந்திரித் தோப்பும் இருட்டும்தான். குறுக்கே மாடு வரும், நாய் வரும். மார்கழி, தை மாதத்தில் பனி மூடும். தைப்பூசத்துக்கு வடலூர் ஜோதி பார்க்க ஜனங்கள் ராத்திரியிலும் சாலையோரமாக நடந்து போவார்கள். அந்த நேரத்தில் நமக்கு முன்னால் நடக்கிற ஆளைக் காட்டிக் கொடுப்பது ஹெட்லைட் ஒன்றுதான்.

அமெரிக்காவில் ஏஏஏ என்ற வாகன ஓட்டிகள் சங்கம் 2018இல் இதைச் சோதித்துப் பார்த்தது. பல வருஷம் வெயிலில் நின்று மங்கிய ஹெட்லைட்டில், புதியதில் வரும் வெளிச்சத்தில் ஏறக்குறைய 5இல் 1 பங்குதான் வந்தது. தேய்த்துச் சரி செய்த பிறகு ஏறக்குறைய 70 சதவீதம் வரை திரும்பியது. புதியது மாதிரி ஆகாது, ஆனால் இருந்ததைவிடப் பல மடங்கு தேவலை.

இன்னொரு கெடுதலும் உண்டு. மங்கிய டூமில் வெளிச்சம் நேராகப் போகாமல் நாலாபக்கமும் சிதறும். நமக்குச் சாலை தெரியாது, எதிரே வருகிறவருக்குக் கண் கூசும்.

ஏன் மஞ்சளாகிறது?

நாம் பேச்சுவழக்கில் "ஹெட்லைட் கண்ணாடி" என்கிறோம். பழைய அம்பாசடர், பழைய லாரிகளில் வட்டமாக இருந்தது உண்மையான கண்ணாடிதான். அது மஞ்சளாகாது, கல் பட்டால் உடையும். இப்போது வருகிற வண்டிகளில் இருப்பது பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக். எடை குறைவு, லேசில் உடையாது, எந்த வடிவத்திலும் வார்க்கலாம். அமெரிக்காவில் 1983இல் இதற்கு அனுமதி கிடைத்தது. அடுத்த வருஷமே கார்களில் வந்தது. பிறகு உலகம் முழுக்கப் பரவிவிட்டது.

இந்தப் பிளாஸ்டிக்குக்கு இரண்டு பலவீனம். ஒன்று, மிருதுவானது, சீக்கிரம் கீறல் விழும். இரண்டு, வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் பட்டால் மஞ்சளாகும். அதனால் கம்பெனியிலேயே மேலே ஒரு மெல்லிய பாதுகாப்புப் பூச்சு போட்டு அனுப்புகிறார்கள். கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய தோல் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருஷக்கணக்கில் வெயில் பட்டால் அந்தத் தோல் வெடித்து, பொருக்கு விட்டு உரியும். அடியில் உள்ள பிளாஸ்டிக்கும் வெந்து மஞ்சளாகும்.

நம் நெய்வேலிப் பக்கத்தில் வெயிலோடு தூசியும் சேர்ந்துகொள்கிறது. சுரங்க மண், நிலக்கரித் தூள், அனல்மின் நிலையச் சாம்பல் எல்லாம் வண்டி மேல் படியும். சாம்பல் பார்க்க மாவு மாதிரி இருந்தாலும் அதில் மணல் சத்து இருக்கிறது. காலையில் வண்டியை எடுக்கும்போது காய்ந்த துணியால் "சரட் சரட்" என்று துடைக்கிறோம் அல்லவா? அது உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதற்குச் சமம். முதலில் தண்ணீர் ஊற்றிக் கழுவி, பிறகு துடைக்க வேண்டும்.

முதலில் மூன்று சோதனை

எல்லா மங்கலும் தேய்த்தால் போகாது. வேலையைத் தொடங்கும் முன் இதைப் பாருங்கள்.

1. நகத்தால் தட்டிப் பாருங்கள். "டிங்" என்றால் கண்ணாடி, "டொக்" என்றால் பிளாஸ்டிக். கண்ணாடியைத் தேய்க்கக் கூடாது, கழுவினால் போதும்.

2. ஹெட்லைட் மேல் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். ஈரமாக இருக்கும்போது தெளிவாகத் தெரிந்து, காய்ந்ததும் மறுபடி மங்கினால் கோளாறு மேல்பக்கத்தில்தான் இருக்கிறது. அதைத் தேய்த்து எடுத்துவிடலாம்.

3. ஈரத்திலும் மங்கலாகவே இருந்தாலோ, உள்ளே தண்ணீர் முத்து முத்தாக நின்றாலோ, உள்ளே உள்ள பளபளப்பான ரிஃப்ளெக்டர் கறுத்து உரிந்திருந்தாலோ வெளியே எவ்வளவு தேய்த்தாலும் பிரயோஜனம் இல்லை. ஆழமான வெடிப்பு இருந்தாலும் அப்படியே. அந்த வண்டிக்கு மெக்கானிக்கிடம்தான் போக வேண்டும்.

வாங்க வேண்டியவை

பெயிண்ட் கடையில் அல்லது ஹார்டுவேர் கடையில் "வாட்டர் பேப்பர்" என்று கேளுங்கள். தண்ணீரில் நனைத்துத் தேய்க்கிற உப்புத்தாள் அது. பின்பக்கம் எண் போட்டிருக்கும். எண் கூடக் கூடத் தாள் நைஸாக இருக்கும். 600, 1000, 2000 எண்களில் ஒவ்வொன்று வாங்குங்கள். 3000 கிடைத்தால் இன்னும் நல்லது. கூடவே மாஸ்கிங் டேப், வண்டி பாலிஷுக்கான ரப்பிங் காம்பவுண்ட், பழைய பனியன் துணி, ஷாம்பு, ஒரு வாளி தண்ணீர். கடைசியில் பூச, பிளாஸ்டிக் ஹெட்லைட்டுக்கு என்றே டப்பாவில் எழுதியுள்ள யூவி கோட்டிங். அது கிடைக்காவிட்டால் கார் வேக்ஸ். கைக்கு ரப்பர் கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

செய்முறை

வண்டியை நிழலில் நிறுத்துங்கள். சாவியை எடுத்துவிடுங்கள். 2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்த இருசக்கர வண்டிகளில் எஞ்சின் ஓடினாலே ஹெட்லைட் எரியும், தனியாக அணைக்க முடியாது. அதனால் வண்டியை அணைத்து, டூம் நன்றாக ஆறிய பிறகே தொட வேண்டும்.

முதல் படி: ஷாம்புத் தண்ணீரில் இரண்டு தடவை கழுவுங்கள். ஒரு மணல் துகள் ஒட்டியிருந்தாலும் பிறகு நீளமாகக் கீறல் போடும்.

இரண்டாம் படி: ஹெட்லைட்டைச் சுற்றியுள்ள பெயிண்ட், ரப்பர் மேல் மாஸ்கிங் டேப்பை இரண்டு அடுக்காக ஒட்டுங்கள். இதில் சோம்பல் பட்டால் வண்டி பெயிண்ட் போய்விடும்.

மூன்றாம் படி: வாட்டர் பேப்பரைக் கால் தாளாகக் கிழித்து, பத்து நிமிஷம் தண்ணீரில் ஊற வையுங்கள். மங்கல் அதிகமாக இருந்தால் 600இல் தொடங்கலாம். ஸ்கூட்டருக்கும், லேசான மங்கலுக்கும் 1000 போதும். தண்ணீர் விட்டுக்கொண்டே, அழுத்தாமல், இடமிருந்து வலமாக ஒரே போக்கில் தேய்த்து வாருங்கள். வட்டமாகத் தேய்க்க வேண்டாம். முதலில் மஞ்சள் கலந்த பால் மாதிரி வழியும். தேய்க்கத் தேய்க்க அது வெள்ளையாகும். முழுக்க வெள்ளையாக வந்தால் பழைய தோல் போய்விட்டது என்று அர்த்தம்.

இந்தக் கட்டத்தில் ஹெட்லைட் முன்பைவிட மோசமாக, சுண்ணாம்பு அடித்த மாதிரி தெரியும். "ஐயையோ, கெடுத்துட்டோமே" என்று பயப்பட வேண்டாம். அப்படித்தான் ஆகும்.

நான்காம் படி: கழுவிவிட்டு அடுத்த நைஸ் தாளுக்குப் போங்கள். இப்போது மேலிருந்து கீழாகத் தேய்க்க வேண்டும். முந்தைய தாள் போட்ட படுக்கைக் கோடுகள் எல்லாம் மறைந்தால்தான் அடுத்த தாள். அடுத்த தாளில் மறுபடி இடமிருந்து வலம். தச்சர் முதலில் இழைப்புளி போட்டு, பிறகு முரட்டு உப்புத்தாள், அப்புறம் நைஸ் தாள் போடுகிறார் இல்லையா, அதே கணக்குதான். பெரிய கீறலைச் சின்னக் கீறலாக்கி, அதையும் கண்ணுக்குத் தெரியாமல் செய்கிறோம். நடுவில் ஒரு தாளை விட்டுத் தாண்டினால் கடைசியில் கோடு கோடாகத் தெரியும்.

ஐந்தாம் படி: நன்றாகத் துடைத்துக் காய வைத்து, பனியன் துணியில் ரப்பிங் காம்பவுண்ட் கொஞ்சம் எடுத்து, கை வலிக்கும் வரை தேயுங்கள். இப்போதுதான் வட்டமாகத் தேய்க்கலாம். சுண்ணாம்பு மாதிரி இருந்தது மெல்ல மெல்லத் தெளியும். உள்ளே இருக்கும் பல்பு தெரிய ஆரம்பிக்கும்.

ஆறாம் படி: டேப்பை எடுக்கும் முன் பாதுகாப்புப் பூச்சு. பழைய தோலை நாமே உரித்துவிட்டோம், பிளாஸ்டிக் இப்போது வெறும் உடம்போடு நிற்கிறது. இப்படியே விட்டால் சில மாதத்தில் மறுபடி மஞ்சளாகும். மருந்துக் கடையில் கிடைக்கிற ஐசோபுரொபைல் ஆல்கஹாலை நனைத்துத் துடைத்து எண்ணெய்ப் பசையைப் போக்கி, டப்பாவில் சொன்னபடி யூவி கோட்டிங் பூசுங்கள். தூசி பறக்கும் நேரத்தில் பூச வேண்டாம். நன்றாகக் காயும் வரை தண்ணீர் படக் கூடாது. வேக்ஸ் மட்டும் போட்டால் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை மறுபடி போட வேண்டும்.

கடைசியாக வண்டியைச் சமதரையில் நிறுத்தி, 15 அடி தள்ளியுள்ள சுவரில் லோ பீம் போட்டுப் பாருங்கள். வெளிச்சத்தின் மேல் ஓரம் ஹெட்லைட்டின் உயரத்தைவிடச் சற்றே கீழே விழ வேண்டும். மேலே ஏறியிருந்தால் எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கும். மெக்கானிக்கிடம் சொல்லி இறக்கச் சொல்லுங்கள்.

செய்யக் கூடாதவை

தின்னர், பெட்ரோல், நகப் பூச்சு அழிக்கிற அசிட்டோன் போட்டுத் துடைக்காதீர்கள். பாலிகார்பனேட் உள்ளுக்குள் மயிரிழை மயிரிழையாக வெடிக்கும். அதைத் திருப்பிச் சரி செய்ய முடியாது.

உடம்பில் பூசுகிற கொசு மருந்தை அடித்தால் பளபளப்பாகிறது என்று சிலர் காட்டுவார்கள். உண்மைதான், உடனே பளிச்சென்று ஆகும். அதில் உள்ள டீட் என்ற ரசாயனம் பிளாஸ்டிக்கின் மேல்பக்கத்தைக் கரைப்பதால் வருகிற பளபளப்பு அது. சில வாரத்தில் முன்பைவிட மோசமாகும்.

இரண்டு திரவம் கலந்து அடிக்கிற, பட்டறைக்காரர்கள் டூ-கே என்று சொல்கிற கிளியர் கோட் நீண்ட நாள் உழைக்கும். ஆனால் அந்தப் புகையில் உள்ள ஐசோசயனேட் நுரையீரலைப் பாதிக்கும், ஆஸ்துமாவையும் வரவழைக்கும். சாதாரண முகக்கவசம் அதைத் தடுக்காது. வீட்டு வாசலில், குழந்தைகள் நடுவில் அதை அடிக்கவே வேண்டாம். கர்ப்பிணிகள் எந்த ஸ்பிரே வேலையிலும் இறங்க வேண்டாம்.

வெளிச்சம் பத்தவில்லை என்று 100 வாட் பல்பு போடுகிற பழக்கமும் இருக்கிறது. கார்களில் சாதாரணமாக வருகிற எச்-4 பல்பு 60/55 வாட். அதற்கு மேல் போட்டால் சூட்டில் ரிஃப்ளெக்டர் கருகும், ஒயர் உருகும். கோளாறு டூமில் இருக்க, பல்பை மாற்றி என்ன பயன்?

உறுப்பினர்கள் கேட்ட கேள்விகள்

"அக்கா, டூத்பேஸ்ட் போட்டுத் தேய்ச்சாலே போகும்னு சொல்றாங்களே?"

பேஸ்ட்டில் நைஸான தூள் இருப்பதால் லேசான மங்கல் கொஞ்சம் குறையும். பழைய தோல் முழுக்கப் போகாது, பாதுகாப்பும் கிடைக்காது. அவசரத்துக்கு ஆகும், அவ்வளவுதான்.

"ஒரு தடவை செஞ்சா எத்தனை நாள் தாங்கும்?"

பூச்சைப் பொறுத்தது. பூச்சே போடாவிட்டால் சில மாதம். யூவி கோட்டிங் போட்டு, வண்டியை நிழலில் நிறுத்தினால் ஒரு வருஷமோ அதற்கு மேலோ வரும். வேப்பமர நிழல் இல்லாவிட்டால் பழைய சாக்கையாவது முன்பக்கம் போட்டு மூடி வையுங்கள்.

"எங்க வீட்டு லோடு வண்டிக்கு எஃப்.சி. வருது. இதையும் பார்ப்பாங்களா?"

பார்ப்பார்கள். வாடகை வண்டிகளுக்கு முதல் 8 வருஷம் வரை 2 வருஷத்துக்கு ஒரு முறை, பிறகு வருஷா வருஷம் தகுதிச் சான்று எடுக்க வேண்டும். கடைசி நாளில் அவசரப்பட்டுப் புது டூம் வாங்குவதைவிட, ஒரு மாதம் முன்பே தேய்த்து வைத்தால் செலவு மிச்சம்.

இதையே ஒரு தொழிலாகச் செய்யலாமா?

டவுன்ஷிப் குவார்ட்டர்ஸ் வாசலில் வெயிலில் நிற்கும் கார்களைப் பார்த்தால் இந்த எண்ணம் வரத்தான் செய்யும். செய்யலாம். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு இறங்க வேண்டாம்.

முதலில் பழைய இரும்புக் கடையில் கழித்துப் போட்ட டூம் நாலைந்து வாங்கிப் பழகுங்கள். அடுத்தவர் வண்டியில் கை வைப்பது அதற்குப் பிறகுதான். உதாரணத்துக்கு ஒரு கணக்கு போடுவோம். ஒரு காருக்கு ரூ.500 கூலி பேசி, அதில் தாள், காம்பவுண்ட், பூச்சு எல்லாம் சேர்த்து ரூ.150 போனால் கையில் நிற்பது ரூ.350. ஒரு காரின் இரண்டு ஹெட்லைட்டுக்கும் சேர்த்து இரண்டு, மூன்று மணி நேரம் ஆகும் என்பதால் நாளைக்கு இரண்டு கார், மிஞ்சினால் மூன்று. மழைக்காலத்தில் வேலை குறையும். ஒரே காருக்கு அடுத்த மாதமே திரும்பச் செய்ய வேண்டி வராது. அதனால் இது முழுநேரத் தொழில் ஆகாது. கையில் இருக்கும் தொழிலோடு சேர்த்துச் செய்கிற உபரி வருமானம். வங்கிக் கடன் வாங்குகிற அளவுக்கு முதலீடும் இல்லை. உள்கடனில் சின்னத் தொகை போதும். கடை விலையை நீங்களே விசாரித்து, இதே மாதிரி உங்கள் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

வண்டிக்காரரிடம் "புதுசு மாதிரி ஆக்கித் தர்றேன்" என்று சொல்லாதீர்கள். ஏற்கெனவே உள்ள வெடிப்பைக் காட்டி, செல்போனில் முன்னும் பின்னும் படம் எடுத்து வையுங்கள். "எத்தனை நாள் தாங்கும்" என்பதை உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். தேய்த்தால் போகாது என்று சோதனையில் தெரிந்தால் வேலையை வாங்காதீர்கள். ஒரு வண்டிக்காரர் நம்பினால் அந்த வட்டம் முழுக்கச் சொல்வார். ஏமாந்தாலும் அப்படித்தான்.

அடுத்த குழுக் கூட்டத்தில் ஐந்து நிமிஷம் ஒதுக்குங்கள். எத்தனை உறுப்பினர் வீட்டில் வண்டி இருக்கிறது, எத்தனை ஹெட்லைட் மங்கியிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். பத்துப் பேர் சேர்ந்தால் காம்பவுண்ட், பூச்சு இரண்டையும் பொதுவில் வாங்கிப் பகிர்ந்துகொள்ளலாம், ஆளுக்கு ஆகிற செலவு குறையும். மார்கழிப் பனி இறங்கும் முன் எல்லா வண்டியையும் முடித்துவிடுங்கள்.